மேஸ் பொம்மைகள் சொன்ன விமர்சனம்



சென்ற மாதம் ஊறுகாய், வட்டிலப்பம் என்று எழுதினேன். இந்த மாதம் ஒரு சப்பாத்து மேஸின் கதை. சிரிக்காதீர்கள், சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

பள்ளி விடுமுறையில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வெள்ளை மேஸ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஜோடியாகப் போனால் கொடியிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைக்கலாம். ஒற்றை ஒற்றையாகப் போனால்? சின்ன மகளைக் கேட்டேன், மூத்தவளைக் காட்டினாள். மூத்தவளைக் கேட்டேன், கொட்டாஞ்சேனை மதினியின் மகனைக் காட்டினாள். அவன் விடுமுறை விட்டால் போதும், பஸ் ஏறி இங்கே வந்துவிடுவான். பதினான்கு வயது, கையில் எப்போதும் போன். கடைசியில் அலுமாரிக்குப் பின்னால் பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள் மூன்று மேஸ்களைக் கண்டுபிடித்தேன். பொத்தான் கண், கம்பளி நூல் வாய். ஒன்றின் தலையில் என் பழைய துப்பட்டாவில் வெட்டிய துண்டு. அது நானாம்!

விஷயம் இதுதான். பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தொடர் எடுக்கிறார்கள். அதில் வருகிறவர்கள் மேஸ் பொம்மைகள்: ஒரு வாப்பும்மா, ஒரு உம்மா, ஒரு சின்னப் பிள்ளை. மூன்றும் ஒரு அட்டைப்பெட்டி டீவிக்கு முன்னால் குந்திக்கொண்டு, தாங்கள் பார்த்த ஒரு தொடரை விமர்சனம் செய்கின்றன. போனைப் பிடிப்பவன் கொட்டாஞ்சேனை மருமகன். பின்னணிக் குரல் என் மக்கள் இருவரும். நாங்கள் சின்ன வயதில் ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் பேச வைத்த முயலைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று அந்த முயலிடம் கற்றதுதான் எனக்குத் தெரிந்த முதல் சிங்களம். அந்த முயலை நாங்கள் விமர்சனம் செய்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்ததும் பேசுகிறார்கள், பேசியதைப் படமும் எடுக்கிறார்கள்.

அவர்கள் விமர்சனம் செய்தது 'மிஸ் மார்வெல்' என்ற தொடர். 2022 ஜூனில் வெளிவந்தது, மொத்தம் ஆறே பகுதிகள். உங்களில் பலர் வீட்டிலும் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் கமலா கான் என்ற பதினாறு வயதுப் பெண்பிள்ளை. கராச்சியிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். வாப்பா யூசுப், உம்மா முனீபா, நானா ஆமிர். கராச்சியிலிருக்கும் பாட்டி அனுப்பிய பெட்டியில் ஒரு பழைய காப்பு இருக்கிறது. அதைக் கையில் போட்டதும் அவளுக்கு அபூர்வ சக்தி வந்துவிடுகிறது. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்தக் கமலா வீரப்பெண் ஆவதற்கு முன் ஒரு ரசிகை. கப்டன் மார்வெல் என்ற வீராங்கனைமேல் அப்படியொரு பைத்தியம். தொடர் தொடங்குவதே அவள் அட்டையில் வரைந்து வெட்டி, தன் குரலில் கதை சொல்லி, தானே செய்த வீடியோவுடன்தான். அதாவது என் மக்கள் என் மேஸை வைத்துச் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள்! நடித்த இமான் வெலானி கூட அப்படித்தான். கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவள். முன்பு நடித்துப் பழக்கமில்லை, ஆனால் அந்தச் சித்திரக்கதைகளின் தீவிர வாசகி.

சித்திரக்கதையாக இது முன்பே வந்தது. மார்வெல் நிறுவனத்தில் எடிட்டராக இருந்த சனா அமானத், பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்தவர். தன் சின்ன வயதுக் கதைகளைச் சக எடிட்டர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்ததில் பிறந்த யோசனை இது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. 2014இல் தனிப் புத்தகமாக வரத் தொடங்கி, 2015இல் ஹியூகோ விருதும் பெற்றது. அதில் கமலாவின் வீர உடுப்பு எதிலிருந்து வந்தது தெரியுமா? நீச்சலுக்கு அணியும் புர்கினியிலிருந்து. ஒரு பெண்ணின் மூளைக்குத்தான் இது தோன்றும்.

சரி, மேஸ்களின் விமர்சனத்துக்கு வருவோம். முதல் பகுதியில் ஓர் இடம். ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் விழாவுக்குப் போகக் கமலா அனுமதி கேட்கிறாள். உம்மா யோசித்து, 'வாப்பாவோடு போ' என்கிறார். பச்சைத் துணியில் மகளுக்கு ஒரு சல்வார், வாப்பாவுக்கும் அதே துணியில் ஒன்று. வாப்பா முகத்தில் பச்சை பூசிக்கொண்டு, பெரிய ஹல்க்காக வந்து நிற்கிறார், அப்படியொரு சந்தோஷத்தோடு. மகள் வெட்கப்பட்டு ஏதோ சொல்லிவிடுகிறாள். அந்த மனிதரின் முகம் வாடுகிறதே, அதைப் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில் சின்ன மேஸ் கமலாவின் பக்கம். உம்மா மேஸ் எழும்பி, "போனைக் கீழே வை, நாலு பேர் என்ன சொல்லுவாங்க, இரவு எட்டு மணிக்குப் பிறகு வெளியில என்ன வேலை" என்று ஒரே மூச்சில் கத்துகிறது. என் குரல், என் சொற்கள், கையை இடுப்பில் வைப்பதுகூட என்னுடையதுதான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளில் 'நாலு பேர்' என்ற சொல்லை நான் எத்தனை தரம் சொல்கிறேன்? அந்த நாலு பேர் யார் என்று என் மக்கள் இதுவரை கேட்டதில்லை. மேஸ் கேட்டுவிட்டது.

இரண்டாம் பகுதியில் பள்ளிவாசலில் பெண்கள் தொழும் இடம் பராமரிப்பில்லாமல் கிடப்பதைப் பார்த்து, நக்கியா என்ற தோழி நிர்வாக சபைத் தேர்தலில் நிற்கிறாள். பள்ளி வாசலில் கழற்றி வைத்த அவளுடைய சப்பாத்தும் களவு போகிறது. இதற்கு வாப்பும்மா மேஸ் பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டது. விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் பெண்கள் பகுதியில் தொழுத எந்தச் சகோதரிக்கும் புரியும்.

குறையும் சொன்னார்கள். கெட்டவர்களை ஜின்கள் என்று காட்டியது வாப்பும்மா மேஸுக்குப் பிடிக்கவில்லை. "ஜின் என்டா விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. நமக்கு ஈமானோடு சம்பந்தப்பட்ட சொல்லைக் கதைக்கு மசாலாவாக எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு அந்தக் கெட்டவர்கள் ஏன் வருகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதும் அவசர அவசரமாக முடிகிறது. புத்தகத்தில் கமலாவின் உடம்பே பெரிதாகும், சின்னதாகும். தொடரில் காப்பைப் போட்ட பிறகுதான் சக்தி வெளிப்படுகிறது. மூத்தவள் இதை ஏற்கவில்லை: "காப்பைக் கழற்றினா அவள் யார்?" நல்ல கேள்வி. பாகிஸ்தானில் ஹாரூன் என்ற பாடகர் 2013இல் உருவாக்கிய 'புர்கா அவெஞ்சர்' கார்ட்டூனில் ஜியா டீச்சருக்கு மந்திரம் எதுவும் இல்லை. புத்தகத்தாலும் பேனாவாலும் அடிக்கிறாள், பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூட வந்தவர்களை விரட்டுகிறாள். அது எங்கள் வீட்டில் இன்னும் விமர்சனத்துக்கு வரவில்லை.

அரசாங்க அதிகாரிகள் பள்ளிவாசலைச் சோதனை போட வரும் காட்சியும் தொடரில் உண்டு. அதற்கு மேஸ்கள் ஒன்றும் பேசவில்லை. மூன்றும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். "ஏன் மகன் இதில வசனமில்லை?" என்று மருமகனைக் கேட்டேன். "வேணாம் மாமி" என்றான். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அவனுக்கு எட்டு வயது. சத்தம் அவர்கள் வீட்டுக்குக் கேட்டது. அன்று இறந்தவர்களில் அவர்கள் தெருவில் முகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பிறகு மாதக்கணக்கில் அவன் உம்மா அபாயாவோடு கடைக்குப் போகப் பயந்ததையும் பார்த்த பிள்ளை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

ஐந்தாம் பகுதி 1947க்குப் போகிறது. இந்தியா பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் விட்டு ஊர் போனார்கள் அல்லவா, அந்தக் காலம். ரயில் நிலையம். கட்டிய மூட்டைகளோடு சனக் கூட்டம். கராச்சிக்குப் போகும் கடைசி ரயில். அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும் ஒரு குழந்தைதான் பிற்காலத்தில் கமலாவின் பாட்டி. இந்தப் பகுதியை இயக்கியவர் ஷர்மீன் உபைத் சினாய், ஆவணப்படங்களுக்கு இரண்டு முறை ஒஸ்கார் வாங்கிய பாகிஸ்தானியப் பெண். பாகிஸ்தானில் இந்தத் தொடரைச் சினிமாத் தியேட்டர்களில் காட்டினார்கள். இந்த ரயிலைப் பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிள்ளைகள் அதை ஓட விட்டபோது என் மாமியார் கதிரையில் தஸ்பீஹோடு இருந்தார். தொடர் பார்க்கிறவர் அல்ல. ஆனால் ரயில் கூட்டம் வந்ததும் தஸ்பீஹ் நின்றுவிட்டது. முடியும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"அவங்களுக்கு ரயிலாவது இருந்திச்சு மகள். எங்களுக்கு யாழ்தேவியும் நின்டு போயிருந்திச்சு."

மாமியார் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு எல்லோரையும் வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்த மாதம் வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். யாழ்தேவி அந்த ஆண்டு ஜூனிலேயே நின்றுவிட்டது, மறுபடி யாழ்ப்பாணம் போனது 2014இல். இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது வருஷம். ஆனால் இதற்குமேல் ஒன்றும் எனக்குத் தெரியாது. மாமியாரும் சொன்னதில்லை, என் கணவரும் சொன்னதில்லை.

சின்னவள்தான் கேட்டாள். பிள்ளைகளுக்குக் கேட்கத் தயக்கமில்லை. "வாப்பும்மா, உங்கட காப்பு எங்க?"

கமலாவுக்குப் பாட்டியின் காப்பு வந்தது அல்லவா, அதை நினைத்துக் கேட்டிருக்கிறாள்.

மாமியார் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவர் உம்மா கலியாணத்துக்குப் போட்டு விட்டதாம். கொடி வேலை செய்த காப்பு. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை, கை பருத்துக் கழற்றவும் வராதாம். அன்று சோப்பு நுரை போட்டுக் கழற்றவேண்டி வந்ததாம். "காப்பு யாழ்ப்பாணத்திலயே நின்டிட்டு" என்றார். வாப்பாவுக்கு அப்போது எட்டு வயது, ஒரு கையில் அவர், மறு கையில் கூஜா. லொறி கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து மிச்சத் தூரத்தை நடந்தே கடந்ததாகச் சொன்னார். மஃரிபுக்கு அதான் கேட்டது. யாரும் எழும்பவில்லை, அவர் எழும்பிய பிறகுதான் நாங்களும் எழும்பினோம்.

என் கணவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் கூஜா பச்சை நிறம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சகோதரிகளே, இப்படியான விளையாட்டை வளர விடலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பிள்ளைகள் தாங்கள் எடுத்ததை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றி விடக் கேட்டார்கள். மேஸ் பொம்மைதானே, முகம் தெரியாதுதானே என்று வாதம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் நாலு பேர் அல்ல. ஐந்தாம் பகுதியின் விமர்சனத்தில் இப்போது வாப்பும்மா மேஸ் தன் காப்பைப் பற்றிப் பேசுகிறது. அது அவருடைய சொத்து. எங்கே காட்டுவது என்று அவர்தான் சொல்லவேண்டும். இப்போதைக்குக் குடும்பத்துக்குள் மட்டும்: புத்தளத்திலிருக்கும் சாச்சிமார், லண்டனிலிருக்கும் மச்சான். அனுப்பிய அன்று இரவே புத்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. மாமியாரும் அவர் தங்கச்சியும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நடுவில் சிரிப்பும் கேட்டது.

இதை இங்கே எழுதலாமா என்று மாமியாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது" என்றார். அடுப்படிக்குப் போன பிறகு திரும்பி வந்து, "இரண்டரைப் பவுண் என்டும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஆறாம் பகுதியின் விமர்சனம் இன்னும் எடுக்கவில்லை. அதில் கமலாவின் வீர உடுப்பைத் தைத்துக் கொடுப்பவர் அவள் உம்மாதான். ஆகவே உம்மா மேஸ் தைக்கவேண்டுமாம், அதற்கு உண்மையான துணி வேண்டுமாம். புறக்கோட்டையில் நீலத் துணி அரை மீற்றர் வாங்கி வந்திருக்கிறேன். வாப்பும்மா மேஸுக்கு இனி மூத்தவள் குரல் கொடுக்கத் தேவையில்லையாம், மாமியாரே பேசப் போகிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தான் பேசுவதை மருமகன் இடையில் வெட்டக்கூடாது.