ரத்தம் குடித்தது யார்? - டிராகுலாவும் இரண்டு வழக்குகளும்

பழைய பேய்ப்பட ரசிகர்கள் நாலு பேர் கூடிப் பேசினால் ஒரு பெண்மணிக்குத் திட்டு நிச்சயம். அவர் ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கர். 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி. 'நோஸ்ஃபெராட்டு' என்ற அற்புதமான மௌனப் படத்தை உலகத்திலிருந்தே துடைத்தெறியப் பார்த்தார் என்பது அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டுமல்லவா?

பிராம் ஸ்டோக்கரின் நாவல் வெளிவந்தது 1897-ல். அவர் இறந்தது 1912-ல். நாவலின் உரிமை மனைவிக்கு வந்தது. கணவர் விட்டுப்போன சொத்தில் காசு தரக்கூடியது என்று பார்த்தால் அந்தப் புத்தகம்தான் முக்கியம்.

1921-ல் ஜெர்மனியில் பிராணா ஃபிலிம் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆமாம், நம்ம 'பிராணன்'தான்! சமஸ்கிருதச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். முதல் படத்துக்கு டிராகுலா கதையை எடுத்துக்கொண்டார்கள். உரிமை வாங்கவில்லை. டிராகுலா ஓர்லாக் ஆனார், ஹார்க்கர் ஹட்டர் ஆனார், லண்டன் விஸ்போர்க் என்ற ஜெர்மன் ஊராக மாறியது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இத்தனையையும் மாற்றிவிட்டு, படத்தின் ஆரம்பத்தில் 'பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலைத் தழுவியது' என்று அவர்களே எழுத்தில் போட்டுவிட்டார்கள். திருடியவன் ரசீது கொடுத்துவிட்டுப் போன மாதிரி!

1922 மார்ச் 4 அன்று பெர்லினில் படம் அரங்கேறியது. அதே வருடமே கம்பெனி திவால். பிராணன் ஒரே படத்தோடு போய்விட்டது. ஃப்ளோரன்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார். பணம் கேட்டால், கொடுக்க ஆளில்லை. திவாலான கம்பெனியிடம் பணயமில்லாக் கடன்காரருக்கு என்ன கிடைக்கும் என்று பி.காம். படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 1925-ல் படத்தின் பிரதிகளையும் நெகட்டிவையும் அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

நல்லவேளையாக எல்லாப் பிரதிகளும் சிக்கவில்லை. வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில தப்பித்தன. இன்று நாம் பார்ப்பது அப்படித் தப்பியவற்றிலிருந்து சேர்த்தெடுத்ததுதான்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட படம் என்று. இயக்கியவர் எஃப்.டபிள்யூ. முர்னாவ். ஓர்லாக்காக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். மாடிப்படியில் ஆள் வருவதில்லை, நிழல் மட்டும் ஏறி வரும். ஓட்ட ஆளில்லாத கப்பல் சத்தமில்லாமல் துறைமுகத்துக்குள் நுழையும், பின்னாலேயே ஊருக்குள் கொள்ளைநோய் வரும். நூறு வருடம் தாண்டியும் அந்த நிழலுக்கு வயசாகவில்லை. இன்றைய கிராஃபிக்ஸ் பேய்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தியும் வராத பயம், அந்த விரல்களைப் பார்த்தாலே வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி செத்துப்போகும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஸ்டோக்கரின் நாவலில் அப்படி இல்லை! அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுவார், சக்தி மட்டும் குறைவாக இருக்கும். அவரைக் கொல்வது கத்திகள்தான். வெயிலில் காட்டேரி அழிவதைத் திரையில் கொண்டுவந்தது 'நோஸ்ஃபெராட்டு'. 1958-ல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்த 'டிராகுலா'வில் கிறிஸ்டோபர் லீ சூரிய வெளிச்சத்தில் சாம்பலாவாரே, அது நாவலிலிருந்து வந்ததல்ல. அழிக்கச் சொல்லித் தீர்ப்பான படத்திலிருந்து வந்தது. திருட்டுப் படம் மூலக்கதைக்கே ஒரு புதுச் சொத்தைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்படியானால் ஃப்ளோரன்ஸ் செய்தது தப்பா?

வழக்குப் போட்டது தப்பே இல்லை. அவர் அப்படி விடாப்பிடியாக நின்றதால்தான், அடுத்து வந்தவர்கள் ஒழுங்காக வந்து அனுமதி கேட்டார்கள். 1924-ல் ஹாமில்டன் டீன் அனுமதி வாங்கி நாடகமாகப் போட்டார். 1927-ல் அது நியூயார்க் போனது. பெலா லுகோசி டிராகுலாவாக மேடையேறினார். 1930-ல் யுனிவர்சல் நிறுவனம் நாவலுக்கும் நாடகத்துக்குமாகச் சேர்த்து 40,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. 1931-ல் படம் வந்தது. தன் புத்தகத்துக்கான கூலியை அந்தக் குடும்பம் கடைசியில் பெற்றது.

தப்பு எங்கே என்றால், அழிக்கச் சொன்னதில். பிரதிகளை எரிப்பதால் அவருக்கு ஒரு காசு வந்ததா? இல்லை. எரிக்கிற படத்தால் யாருக்கும் லாபமில்லை. படத்தை ஓடவிட்டு, வருகிற வசூலில் பங்கு அவருக்குப் போகும்படி ஒரு தீர்ப்பு வந்திருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைத்திருக்கும். 'காசு கொடு' என்பது நியாயம். 'கொளுத்து' என்பது கோபம். ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு அந்த அம்மாவைத் திட்டுகிறார்கள்.

இப்போது இரண்டாவது வழக்கு. இதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

1931 'டிராகுலா'வில் நடித்த பெலா லுகோசிக்கு வாரம் 500 டாலர் சம்பளம், 7 வாரம். மொத்தம் 3,500 டாலர் என்று சொல்வார்கள். அந்தப் பார்வை, அந்த ஹங்கேரிய உச்சரிப்பு, அந்தக் கறுப்பு அங்கி இவை இல்லாமல் இன்றும் டிராகுலாவை நினைக்க முடியாது. ஆனால் அவர் வாழ்க்கை கஷ்டத்தில்தான் முடிந்தது. 1956-ல் இறந்தபோது டிராகுலா அங்கியோடுதான் புதைத்தார்கள்.

பிறகு அவர் முகச்சாயல் போட்ட முகமூடி, பொம்மை, சட்டை என்று விற்க யுனிவர்சல் லைசென்ஸ் கொடுத்தது. அவருடைய மனைவியும் மகனும் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1979-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஒருவரின் உருவத்தை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை அவரோடு முடிந்துவிடும், வாரிசுகளுக்குப் போகாது என்பது தீர்ப்பின் சாரம். பின்னால் அங்கே சட்டத்தையே மாற்றி, 1985 முதல் வாரிசுகளுக்கும் அந்த உரிமை உண்டு என்றார்கள். லுகோசி குடும்பத்துக்கு அது காலம் கடந்த நியாயம்.

திரில்லர் பக்கமும் இதே கதைதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) யாருக்குத்தான் பிடிக்காது? ராபர்ட் பிளாக்கின் நாவல் அது. வாங்குவது யார் என்றே சொல்லாமல் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்து உரிமையை வாங்கினார்கள். ஹிட்ச்காக்கோ சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு கோடீஸ்வரர் ஆனார். சட்டப்படி எல்லாம் சரி. நார்மன் பேட்ஸை உருவாக்கியவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பிராணா ஃபிலிம் சட்டத்தை மீறிச் சுரண்டியது. மற்ற இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தன. நாம் முதலாவதைப் பற்றி மட்டும் பேசி, அதிலும் பாதிக்கப்பட்டவரையே வில்லி ஆக்கிவிட்டோம். என்ன நியாயம் இது?

படத்தை ரசிப்பது வேறு, அதன் கணக்கைப் பார்ப்பது வேறு என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஒரு படத்தை உண்மையாகவே நேசிக்கிறவர், அது யாருடைய உழைப்பில் நிற்கிறது என்றும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். தெரிந்துகொள்வதால் பயம் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னும் 'நோஸ்ஃபெராட்டு' பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆனால் படம் தொடங்கும்போது வரும் பெயர்களை ஓட்டிவிடாதீர்கள். அதில் பிராம் ஸ்டோக்கரின் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் கடைசி வரை காசு வராமல் கோர்ட்டுக்கு நடந்த ஒரு பெண்மணியும் இருக்கிறார்.