பரங்கிமலை ஈன்ற சட்டசபை அங்கத்தினர்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் அன்றாடம் பிரயாணம் செய்யும் அன்பர்கள், பரங்கிமலை ஸ்டேஷனைக் கடக்கையில் தோமையார் கோயிலை நினைப்பதுண்டு. பழைய பட்டாளத்தை நினைப்பதுமுண்டு. அவ்வூரில் 1883-ம் ஆண்டு பிறந்த ராவ் பகதூர் எம். சி. ராஜாவை நினைப்பவர் எத்தனை பேர்?

உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கிய ராஜா, 1920-ம் வருஷத் தேர்தலுக்குப் பின் கூடிய சென்னைச் சட்டசபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் குரலாக அமர்ந்தார். 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று வழங்கவேண்டுமெனக் கோரிய 1922-ம் வருஷத் தீர்மானம் அவர் கொணர்ந்தது. இது வெறும் சொல் மாற்றந்தானே என்போர், தம் பெயருக்கெதிரே வசைச்சொல் எழுதப்பெற்ற பிள்ளையின் நிலையில் ஒரு நாளேனும் இருந்து பார்க்கட்டும். பின்னர் 1927 முதல் பத்தாண்டுகள் டில்லி சட்டசபையில் பணியாற்றினார். 1932-ல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து, ஒதுக்கப்பட்ட ஸ்தானங்களுடன் கூட்டுத் தொகுதியே போதுமென்றார். டாக்டர் அம்பேத்கரோடு முரண்பட்டு அவர் எடுத்த இந்நிலையைத் தேசியவாதிகள் மெச்சினர்.

மெச்சியவர்கள் அவருக்குச் செய்த கைம்மாறு என்ன? 1938-ம் ஆண்டைத்தான் பார்க்கவேண்டும். சென்னையில் அப்பொழுது காங்கிரஸ் மந்திரிசபை. ராஜாஜி பிரதம மந்திரி. பொதுக் கிணறு, பொதுச் சாலை, வாகனம், சர்க்கார் உத்தியோகம் ஆகியவற்றில் தீண்டாமையைக் காட்டித் தடுப்பதை விலக்கும் மசோதாவை ராஜா கொண்டுவந்தார். அது அவ்வாண்டின் 21-வது சட்டமாயிற்று. ஆனால் அவரது ஆலயப் பிரவேச மசோதாவுக்கு வேறு கதி நேர்ந்தது. முதலில் மலையாள ஜில்லாவில் தொடங்குவோம், மற்றவை பின்பு ஆகட்டும் என்பது மந்திரிசபையின் வாதம். பொறுத்திருக்கச் சொல்வது எளிது. தலைமுறை தலைமுறையாகக் கோபுர வாசலுக்கு வெளியே நின்றவருக்கு அச்சொல் புதிதன்று. மசோதா தோற்றது. தோற்கடித்தவை காங்கிரஸ் வோட்டுகளே. தேசியவாதிகளாகிய நாம் இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8-ல், வைத்தியநாதய்யர் மதுரை மீனாக்ஷி ஆலயத்தினுள் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை அழைத்துச் சென்றார். பாதுகாப்புச் சட்டமும் உடன் வந்தது. அய்யரின் துணிவை நாம் என்றும் போற்றுவோம். எனினும், மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல்தான் பிறந்தது. ராஜா 1943-லேயே காலமாகிவிட்டார்.

சைதாப்பேட்டையில் அவர் பெயரால் மாணவர் விடுதி ஒன்று இருக்கிறது. அதன் வழியே போவோரில் பலருக்கு அது ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. ஆலயப் பிரவேச வரலாற்றை மேடைகளில் எடுத்துரைக்கும் பிரசங்கிகளும், பாடபுத்தகம் எழுதுவோரும் 1939, 1947 என்ற ஆண்டுகளோடு 1938-ஐயும், அம்மசோதாவைக் கொணர்ந்த பரங்கிமலைக்காரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.