பார்சல் சட்டப்படிதான் போச்சு!

ரெண்டு வாரமாக ஆபீசில் ஆணி அதிகம், அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. இன்றைக்கு எழுத உட்கார வைத்தவர் என் மச்சான். தங்கமணியின் அண்ணன். பதினெட்டு வருஷமாக டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறார். இப்போது மூட்டை கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கே வந்துவிடப் போகிறார். கார், சோபா, புல் வெட்டுகிற மெஷின் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தக் கணக்கையெல்லாம் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அப்பறம் பிஸ்டல் ஒண்ணு கெடக்குதுங்க மாப்ளே, அதையும் தள்ளி வுட்டுட்டா முடிஞ்சுது" என்றார்.

அவர் வீட்டில் பிஸ்டல் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் அதே வீட்டில் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். அது தனிச் சண்டை. அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்வார்கள் :-)

நான் கேட்டது, எப்படி விற்கப் போகிறீர்கள் என்று. மனுஷன் உற்சாகமாகிவிட்டார். "இங்க எல்லாம் சிஸ்டம்ங்க மாப்ளே. வேற ஸ்டேட்காரன் வாங்குனா நேரா அவனுக்கு அனுப்பவே கூடாது. அவனூர்ல லைசென்ஸ் இருக்கற டீலருக்குத்தான் போகோணும். டீலர் பாரத்தை நிரப்பி, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கையில குடுப்பான். நடுவுல தப்பு நடக்க வழியே இல்லீங்க."

சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார். 1963ல் ஒரு ஆள் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில் 19 டாலர் 95 சென்ட் துப்பாக்கி ஒன்றைத் தபாலில் வரவழைத்தான். சிகாகோ கடையிலிருந்து டாலஸில் ஒரு தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கென்னடியைச் சுட்டது அதுதான். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் செத்த பிறகு, 1968ல் சட்டம் வந்தது. தனியாள் மாநிலம் தாண்டித் தனியாளுக்கு விற்கக் கூடாது, லைசென்ஸ் டீலர் கைவழியாகப் போக வேண்டும். 1998 நவம்பரிலிருந்து டீலர் கையில் கணினிச் சோதனையும் இருக்கிறது. 4473 என்று ஒரு பாரம், அடையாள அட்டை, பெயரை அனுப்பினால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில்.

தப்பு நடக்க வழியே இல்லை என்று அவர் சொன்னதில்தான் எனக்குச் சண்டை.

வர்ஜீனியா டெக். எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. 2007 ஏப்ரல் 16 அன்று காலையில் நாரிஸ் ஹாலில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி.லோகநாதன் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். மொத்தம் 32 பேரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான் ஒரு மாணவன். அவனிடம் இருந்தவை இரண்டு பிஸ்டல். முதலாவது எப்படி வந்தது தெரியுமா? விஸ்கான்சினில் இருந்த ஒரு இணையக் கடையில் ஆர்டர் போட்டான். அவர்கள் பிளாக்ஸ்பர்க்கில் லைசென்ஸ் உள்ள ஒரு அடகுக்கடைக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 9 அன்று அவன் அங்கே போய்ப் பாரம் நிரப்பி, சோதனையில் தேறி, வாங்கிக்கொண்டு போனான். அனுப்பியது தனியாள் அல்ல, கடை. ஆனால் பார்சல் போன பாதை மச்சான் புகழ்கிற அதே பாதை, ஒரு அடி பிசகவில்லை.

இத்தனைக்கும் 2005 டிசம்பரிலேயே, இவனால் இவனுக்கே ஆபத்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று நீதிமன்ற ஆணை இருந்தது. கூட்டரசுச் சட்டப்படி அந்த ஒரு ஆணையே அவனுக்குத் துப்பாக்கி கிடையாது என்று சொல்லப் போதும். ஆனால் மருத்துவமனையில் உள்ளே சேர்க்கப்பட்டவர்களின் பெயரைத்தான் வர்ஜீனியா பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியலில் பெயர் இல்லை, டீலருக்குப் பச்சை விளக்கு. டீலர் மேல் என்ன குற்றம்? அவருக்குத் தெரிந்தது அந்தப் பட்டியலுக்குத் தெரிந்தது மட்டும்தான். இந்த ஓட்டையை அடைக்க மாநில ஆளுநர் ஆணை போட்டது ஏப்ரல் 30. சவ அடக்கமெல்லாம் முடிந்த பிறகு.

இதை மச்சானிடம் சொன்னேன். உடனே அந்தப் பழைய பாட்டு: "கெட்டவன் சட்டத்தைப் பாத்துட்டா மாப்ளே வாங்கறான்?"

ஆமாம் மச்சான், பார்த்துத்தான் வாங்கினான்! அப்போது வர்ஜீனியாவில் 30 நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம். அவன் சமர்த்தாகக் காத்திருந்து, மார்ச் 13 அன்று இரண்டாவதை வாங்கினான். அதற்கும் சோதனை, அதிலும் பாஸ். நம்மில் பாதிப் பேர் வருமான வரிப் பாரத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காக நிரப்புவதில்லை.

அப்படியானால் டீலர் சோதனையே வீண் என்கிறேனா? இல்லை. இனிமேல்தான் மச்சானுடைய டெக்சாஸ் வருகிறது.

மாநிலம் தாண்டினால் டீலர் வேண்டும். ஒரே மாநிலத்துக்காரனுக்கு விற்றால்? கூட்டரசுச் சட்டப்படி ஒன்றும் வேண்டாம். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் அதற்கும் டீலர் வேண்டும் என்கின்றன. டெக்சாஸ் கேட்பதில்லை. கடை வாசலில் காரை நிறுத்திக் காசை வாங்கி, பொருளைக் கொடுத்துவிட்டுப் போகலாம். துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவன் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கேட்காதவனுக்குத் தெரியாதல்லவா!

மேற்கு டெக்சாஸில் மிட்லண்ட், ஒடெஸா ஊர்களில் 2019 ஆகஸ்ட் 31 அன்று காரில் போய்க்கொண்டே ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவன், 2014ல் ஒரு கடையில் துப்பாக்கி வாங்கப் போய்ச் சோதனையில் தோற்றவன். அந்த முறை பட்டியல் தன் வேலையைச் செய்தது. 2016ல் லபக் ஊரில் ஒரு தனியாளிடம் போனான். பாரம் இல்லை, சோதனை இல்லை, ரைபிள் கைக்கு வந்துவிட்டது. விற்றவர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வியாபாரம் செய்தார் என்று 2021ல் இரண்டு வருஷம் சிறைக்குப் போனார். அவரும் ஏதோ ஒரு விலைக்குத் தள்ளிவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் இருப்பது நொய்டாவில். இங்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கே 2019ல் தனியாகத் தண்டனை எழுத வேண்டியிருந்தது, இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் நம் நாடு ஒழுக்கம் என்று பீற்றிக்கொள்ள வரவில்லை. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க நினைத்தால், வாங்குபவர் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுத்திருக்க வேண்டும். வாங்குபவரும் சும்மா வந்துவிட முடியாது, போலீஸ் விசாரணை முடிந்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அதுதான் இண்டியாங்கறது" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அமெரிக்காவில் மூன்று வேலைநாளுக்குள் பதில் வராவிட்டால் டீலர் விற்றுவிடலாம். 2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அந்த மூன்று நாள் கழித்துத்தான் பிஸ்டலை வாங்கினான். அங்கே ஒரு 45 நாள் இருந்திருந்தால்?

ஆகவே மச்சானிடம் கேட்டது ஒன்றுதான். உள்ளூர்க்காரனுக்கே விற்றாலும் டீலர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பாரம் போட்டு, சோதனை முடித்துக் கொடுங்கள். கடைக்காரருக்குக் கொஞ்சம் கட்டணம், அரை மணி நேரம். பொத்தல் வலைதான். ஆனாலும் பொத்தல் வலைக்குப் பயந்து ஒருத்தன் திரும்பிப் போயிருக்கிறான் என்பதற்கு 2014 சாட்சி.

புதன்கிழமை ராத்திரி அவரே கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"கேட்டுப் பாத்தனுங்க மாப்ளே. டீலர்கிட்டன்னா வாங்கறவன் வரமாட்டேங்கறானுங்க. இருநூறு டாலர் சேத்தித் தர்றேன், நேரா குடுத்துருங்கறான்."

"ஏன் வரமாட்டேங்கறான்னு கேட்டீங்களா மச்சான்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நாளைக்கு வேற ஆளைப் பாக்கறனுங்க" என்றார்.