கம்ப்யூட்டர் உங்களுடையது, கணக்கு யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருடம் என்றெல்லாம் மறக்காமல் கேட்கிறார்கள். ஆனால், முதல் முறை அதனை இயக்கும்போது யாருடைய பெயரில் கணக்கு திறக்கப்படுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பின்னாளில் சொந்தக் கம்ப்யூட்டரே நம்மை உள்ளே விட மறுப்பதற்கு இதுதான் முதல் காரணம். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் எதையும் மறக்கவில்லை. அவர்களுக்கு அது தெரிந்திருக்கவே இல்லை!

எங்கள் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறி வீடுகள் அதிகம். கூலிக் கணக்கு எழுதவும், ஜி.எஸ்.டி. வேலைகளுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் திருத்தணியிலோ சோளிங்கரிலோ லேப்டாப் வாங்கி வருகிறோம். கடையிலேயே ஒரு மைக்ரோசாப்ட் கணக்கை உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்து, "எல்லாம் ரெடி" என்று கையில் தந்துவிடுகிறார்கள். இல்லையென்றால், சென்னையில் வேலை பார்க்கும் மகனின் மெயில் முகவரியும் மொபைல் எண்ணும் அதில் ஏறிவிடுகின்றன. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது நான்கு இலக்க பின் நம்பர் மட்டுமே.

அன்றைய பூட்டு வேறு

விண்டோஸ் 98 காலத்தில் பாஸ்வேர்ட் கேட்கும் கட்டத்தில் கேன்சல் பட்டனை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். எக்ஸ்பி ஹோம் பதிப்பில் சேஃப் மோடில் திறந்தால், பாஸ்வேர்ட் இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று காத்திருக்கும். அதுவும் முடியாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, பைல்களை எடுத்துத் தந்துவிடுவார் மெக்கானிக். "பாஸ்வேர்ட் போனால் என்ன, சர்வீஸ் செய்பவர் பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

இன்று அது நடக்காது. 2024-ல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்புடன் வரும் புதிய கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் கணக்கு கொண்டு லாக் இன் செய்தவுடன் டிவைஸ் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். டிஸ்க்கில் உள்ள அனைத்தும் சங்கேத வடிவத்திற்கு மாறிவிடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. திறப்பதற்கு 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அந்தக் கீ எங்கே இருக்கிறது? அதே மைக்ரோசாப்ட் கணக்கிற்குள். கணக்கு கடைக்காரர் உருவாக்கியது என்றால், சாவியும் உங்களிடம் இல்லை என்று பொருள். தொலைந்த கீயை மைக்ரோசாப்ட் உதவி மையமும் மீட்டுத் தர இயலாது.

மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோகூட இந்தக் கீயைக் கம்ப்யூட்டர் கேட்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அன்று பல நிறுவனங்களில் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் முன் இந்த 48 இலக்கக் கீயைத் தேட வேண்டியிருந்தது. தனியாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

பின் நம்பர் வேறு, பாஸ்வேர்ட் வேறு

தினமும் பின் நம்பர் போட்டே பழகியவர்கள் அதுதான் பாஸ்வேர்ட் என்று நினைக்கிறார்கள். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே செல்லும். கம்ப்யூட்டர் பழுதானாலோ, புதிதாக வாங்கினாலோ கணக்கின் பாஸ்வேர்ட்தான் வேண்டும். வருடக்கணக்கில் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் அந்த நேரத்தில் நினைவுக்கு வருமா?

"மறந்தால் ஓ.டி.பி. வருமே" என்பார்கள். எந்த எண்ணுக்கு வரும்? நம் ஊர் எல்லையில் இருப்பதால் தமிழ்நாடு சிம் ஒன்று, ஆந்திர சிம் ஒன்று என வைத்திருப்பவர்கள் உண்டு. ரீசார்ஜ் செலவு கூடியதும் ஒன்றை விட்டுவிடுகிறோம். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதன் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்!

போனிலும் இதே கதைதான். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், பூட்டிய போனை பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தாலும், அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். மேலும், 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியுள்ளது.

பூட்டின் மீது தவறில்லை

இந்தப் பூட்டுகளே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதனை நான் ஏற்கவில்லை. ரயிலில் தொலைந்த லேப்டாப்பில் இருந்து உங்கள் வங்கி விவரங்களையும் குடும்பப் படங்களையும் யாரும் எடுக்க முடியாமல் காப்பது இந்தப் பூட்டுதான். ஆனால், பீரோ வாங்கும்போது சாவியை எண்ணி வாங்கும் நாம், இங்கே மட்டும் சாவியைக் கடையிலேயே விட்டு வருகிறோம். கடைக்காரரும் அதைச் சொல்வதில்லை.

எனவே, இந்த மாதமே கீழ்க்கண்டவற்றைச் செய்திடுங்கள்.

1. கணக்கு உங்கள் மெயில் முகவரியில், உங்கள் மொபைல் எண்ணுடன் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்று முகவரியாக வீட்டில் நம்பிக்கையான ஒருவருடையதைச் சேர்க்கலாம்.

2. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி சென்று டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா எனக் கவனியுங்கள். இயங்கினால், மைக்ரோசாப்ட் கணக்கில் உங்கள் கம்ப்யூட்டருக்கான ரெக்கவரி கீயைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள்.

3. கூகுளில் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் வைத்திருந்தால், அது தரும் 10 பேக்கப் கோடுகளைப் பிரிண்ட் எடுத்திடுங்கள்.

4. சிம்மை விடும் முன் எல்லாக் கணக்குகளிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே இதனைப் பரிந்துரைத்தார். இணையத் திருடன் எங்கிருந்தாலும் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. மானிட்டரில் மட்டும் ஒட்டிவைக்காதீர்கள், பத்திரத்தோடு வையுங்கள்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. பல வீடுகளில் அதுவே முதல் கம்ப்யூட்டராக இருக்கும். கொடுக்கும் நாளில், கணக்கை மாணவரே திறந்து கீயைத் தன் கையால் எழுதி வைக்க ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விற்கும் கடைகளும் பில்லோடு கணக்கு விவரத்தை ஒரு தாளில் எழுதித் தரட்டும். அதுவரை, அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.