கோயில் மெசேஜ் யாருக்குப் போகணும், யார் அனுப்பணும்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

"கோயில்லேருந்து ஏன் இவ்வளவு மெசேஜ் வருது?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அன்னதானம், புரட்டாசி சனி, தேவார வகுப்பு, எல்லாம் எல்லாருக்கும் போகுது. மெயில்சிம்ப் மாதிரி மென்பொருள் கைக்கு வந்ததும் நம்ம தொண்டூழியர்கள் முதல்ல கத்துக்கறது அழகா போஸ்டர் போட. என்னைக் கேட்டா, அதைக் கடைசியில கத்துக்கலாம். முதல்ல பெயர்களைப் பிரிக்கவும், யாருக்கு என்ன உரிமைன்னு வைக்கவும் தெரியணும்.

ஒரு உதாரணம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுக்கறவங்களுக்கு ஈசூன்லேருந்து பஸ் விடுறோம்னு வைங்க. "பால்குடம்", "ஈசூன்" என்று இரண்டு நிபந்தனை போடுறோம். அங்கே ஒரு சின்னத் தேர்வு இருக்கும்: இரண்டும் பொருந்தணுமா, ஏதாவது ஒன்று போதுமா? முதலாவதைத் தொட்டால் ஈசூன் பால்குடக்காரர்களுக்கு மட்டும் போகும். இரண்டாவதைத் தொட்டால் ஈசூனில் உள்ள எல்லாருக்கும், தீவு முழுக்க இருக்கிற பால்குடக்காரர்களுக்கும் போகும். அப்புறம் போன் மேல போன்தான்.

விழாவுக்கு விழா தனிப் பட்டியல் தொடங்குறதும் வேண்டாங்க. ஒரே ஆள் இரண்டு பட்டியல்ல இருந்தா மெயில்சிம்ப்ல இரண்டு பேராகக் கணக்கு. ஒன்றிலிருந்து விலகினாலும் மற்றதிலிருந்து வந்துக்கிட்டே இருக்கும். ஒரே பட்டியல், அதுக்குள்ள அடையாளக் குறிகள், அது போதும்.

இதைவிட எனக்குப் பெரிசாப் படுறது துக்க வீடு. பிறந்தநாள் அர்ச்சனை நினைவூட்டல் தானாகப் போற மாதிரி அமைச்சிட்டா, அதுக்கு யார் தவறினாங்கன்னு தெரியாது. அம்மா போன மூணாவது மாசம் அம்மா பேருக்கே மெசேஜ் வந்தா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? "இவர்களுக்கு அனுப்பாதே" என்று ஒரு வடிகட்டி எல்லாத் தானியங்கி மெசேஜிலும் இருக்கணும்.

அடுத்தது உரிமை. பாஸ்வேர்டை வாட்ஸாப் குழுவில் போட்டுப் பத்துப் பேர் ஒரே கணக்கில் நுழையறது வசதிதான். குழுவை விட்டுப் போனவர் கையிலும் அது இருக்குமே! பெயர், நட்சத்திரம், வீட்டு முகவரி, உபயம் கொடுத்த தொகை, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கோயிலுக்கும் உண்டு.

மென்பொருளிலேயே படிநிலைகள் இருக்கு. வியூவர் அறிக்கையைப் பார்க்கலாம். ஆத்தர் எழுதலாம், அனுப்ப முடியாது. அதுக்கு மேலே மேனேஜர், அட்மின், ஓனர். நாம கட்டுற திட்டத்தைப் பொறுத்துதான் எத்தனை நிலை கிடைக்கும், அதனால நிர்வாகக் குழு கொஞ்சம் காசு ஒதுக்கணும். பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை எழுதட்டும், செயலாளர் பார்த்து அனுப்பட்டும். ஓனர் கணக்கு கோயில் மின்னஞ்சலில் இருக்கணும், யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வேண்டாம்.

"நம்ம பிள்ளைங்கதானே, நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். உண்டியல் எண்ணும்போது ஒருத்தரைத் தனியா உட்கார வைக்கிறோமா அண்ணே? அதை யாரும் சந்தேகம்னு சொல்றதில்லையே.

உங்க வீட்டில் யாராவது தவறியிருந்தா, அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெயரை எடுத்துடலாம்.