கல் சுமந்தவரின் கல்லறை எங்கே?

பண்டைய எகிப்து என்றதும் நம் மாணவர்கள் இரண்டு செய்திகளைத்தான் சொல்கிறார்கள். பிரமிடுகளை அடிமைகள் சாட்டையடி வாங்கிக் கட்டினார்கள் என்பது ஒன்று. அந்தக் காலத்திலேயே தமிழன் அங்கே போய் வணிகம் செய்தான் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குச் சான்று உண்டு. ரோமானியர் ஆட்சிக் காலத்தில் செங்கடல் துறைமுகமாக இருந்த குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. மகிழ்ச்சிதான். ஆனால் பானையில் பெயர் எழுதியவனைக் கொண்டாடும் நாம், அந்தப் பானையைச் சுமந்து கப்பலேற்றியவன் யார் என்று கேட்பதில்லை.

முதல் செய்தியோ பாதிதான் உண்மை. 1990இல் கீசா பிரமிடுகளுக்குத் தெற்கே, அவற்றைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. எலும்புகளில் பாரம் சுமந்த தேய்மானம் இருந்தது. உடைந்த கைகால்களுக்குக் கட்டுப்போட்டு எலும்பு கூடிய அடையாளமும் இருந்தது. மறுமைக்கு வேண்டும் என்று ரொட்டிக்கும் பீருக்குமான கலயங்களையும் கூடவே வைத்துப் புதைத்திருந்தார்கள். அது சுகமான வேலை இல்லை, கட்டாய ஊழியமும் அதில் உண்டு. ஆனால் கல் இழுத்தவன் செத்தபோது, அரசனின் பிரமிடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது.

அடுத்தது தெயிர் எல் மெதினா. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்களின் ஊர். அந்த ஊரில் பலருக்கு எழுத்து தெரியும். யார் என்றைக்கு, எதற்காக வேலைக்கு வரவில்லை என்ற பதிவேடு கல்சில்லுகளில் கிடைத்திருக்கிறது. தேள் கொட்டியது, கண் வலி, பீர் காய்ச்ச வேண்டியிருந்தது, இப்படியெல்லாம் காரணங்கள். நவுநக்தே என்ற பெண், முதுமையில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று உயில் எழுதி வைத்தாள்.

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், சுமார் 3,170 ஆண்டுகளுக்கு முன், இவர்களுக்குக் கூலியாகத் தரவேண்டிய தானியம் தாமதமானது. கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் எல்லையைத் தாண்டிப் போய்க் கோயிலருகே உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் இதுதான். அந்த ஆவணம் இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொரட்டூர், பட்டரவாக்கம் நிலையங்களில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்கு ஓடும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த வரலாற்றை யாராவது சொல்லியிருக்கிறோமா?

அதற்காக எகிப்தைச் சமத்துவபுரம் ஆக்கிவிட வேண்டாம். அங்கே போர்க் கைதிகள் அடிமைகளாக இருந்தார்கள். எழுத்தர் வேலை ஒன்றே உயர்ந்தது, கைத்தொழில் எல்லாம் இழிவு என்று மாணவர்களுக்குப் போதிக்கும் பாடம் பல நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டது. பன்றி மேய்ப்பவர்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது, அவர்களோடு யாரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்று கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். உடலைப் பதப்படுத்துவதற்காக விலாவில் முதல் வெட்டுப் போடுபவனைச் சுற்றியிருப்பவர்கள் கல்லெறிந்து விரட்டுவார்கள் என்கிறார் டியோடரஸ். சாவு வேலை வேண்டும், அதைச் செய்பவன் வேண்டாம். வெட்டியான் என்று பெயர் வைத்து, பறையடிக்கக் கூப்பிட்டு, திண்ணைக்குக் கீழே நிறுத்திய ஊர்களில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியம். எகிப்தியர் நம்பிக்கைப்படி, செத்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் மாஅத் என்ற நீதியின் இறகை மறு தட்டிலும் வைத்து எடை போடுவார்கள். திருடினாயா, கொன்றாயா, அளவையில் ஏமாற்றினாயா என்பதுதான் விசாரணை. யாருக்குப் பிறந்தாய் என்பது இல்லை. பணக்காரர்கள் அதிலும் வழி கண்டுபிடித்தார்கள். பெயருக்கு இடம் விட்டு எழுதிய மந்திரச் சுருள்கள் விற்பனைக்கு இருந்தன. ஆனால் பிறப்பையே குற்றமாக்கி, அதை முற்பிறவியின் தீர்ப்பு என்று சொல்லும் தராசு அங்கே இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் சொன்னதை இங்கே வைத்துப் படியுங்கள்.

இப்போது நம் பெருமைக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. சுடுகாடு தனியாகவும் பறைச்சுடுகாடு தனியாகவும் இருக்கின்றன. கோபுரத்தின் நிழல் தரையில் விழுமா என்று ஆயிரம் ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். பிணத்துக்கும் சாதி பார்த்த அந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனை பேர் விவாதித்தார்கள்?

அது பழங்கதையும் இல்லை. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதையில் தலித் முதியவரின் உடலைக் கொண்டுசெல்ல உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், காவல்துறையே உடலை எடுத்து வேறு வழியில் கொண்டுபோனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஓர் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை ஒரு நாகரிகத்தின் பெருமையை யாராவது சொன்னால், கட்டடத்தின் உயரத்தைக் கேட்காதீர்கள். கட்டியவருக்குக் கூலி கிடைத்ததா, எழுத்து கிடைத்ததா, செத்தபின் இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். விடுமுறைக்கு உங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை எது, அது யார் நிலத்தில் போகிறது, மழைக்காலத்தில் எப்படிப் போகிறார்கள், பொதுச் சுடுகாடு எங்கே என்று எழுதி, வரைபடம் போட்டு எடுத்து வாருங்கள். தெயிர் எல் மெதினாவின் பசி நமக்குத் தெரிவது, ஒருவர் அதை எழுதி வைத்ததால்தான்.

ஜெய் பீம்.