கப்பல் ஏறும் காருக்கு ஒரு தரம். ஊரில் ஓடும் காருக்கு ஒரு தரமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் வேடந்தாங்கல் ஏரிக்குக் கூட்டம் வரும். முதலில் வருவது பறவைக் கூட்டம். பின்னால் வருவது அதைப் பார்க்கும் மனிதக் கூட்டம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நாடு விட்டு நாடு கடந்து இந்த ஏரிக்கு வருகின்றன. அவற்றுக்குப் பாஸ்போர்ட் தேவை இல்லை. சுங்க வரியும் இல்லை!

ஆனால் ஒரு மோட்டார் கார் நாடு விட்டு நாடு வர வேண்டுமானால், அது லேசான காரியம் அல்ல.

சென்னையிலிருந்து வேடந்தாங்கலுக்கு வரும் குடும்பங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் வருகின்றன. வண்டலூர், மறைமலைநகர், செங்கல்பட்டு, படாளம் என்று ஊர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். தமிழ்நாட்டின் மோட்டார் சரித்திரத்தில் பாதி இந்தச் சாலை ஓரத்தில்தான் நடந்திருக்கிறது. அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் பிரியர்கள் பலர் அந்தச் சாலை வழியே மாமல்லபுரம் வரை காரை ஓட்டி வருவது வழக்கம்.

நாலு மோட்டார் பிரியர்கள் ஓர் இடத்தில் கூடினால் பேச்சு எங்கே போகும்? "அந்த நாட்டில் கிடைக்கும் கார் நம் நாட்டில் ஏன் கிடைக்கவில்லை?" என்பதில்தான் போய் நிற்கும். டொயோட்டா கம்பெனியின் ஜி.ஆர். யாரிஸ் ஏன் வரவில்லை? போர்டு கம்பெனியின் எவரெஸ்ட் ஏன் வரவில்லை? இப்படி ஒரு பெரிய பட்டியலே அவர்களிடம் இருக்கிறது.

"அக்கரைக்கு இக்கரை பச்சை" என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஹெரால்டு காலம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்குவதே பெரும் தவம். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று பெயர்கள்தான் எங்கும் கேட்கும். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது மிகவும் கஷ்டம்.

இந்த மூன்றில் ஸ்டாண்டர்டு நம் ஊர்ப் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை வண்டலூர் பக்கத்தில் இருந்தது. 1961-ம் ஆண்டு முதல் அங்கே "ஹெரால்டு" கார் தயாரானது. அது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் வார்ப்பு. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். நம் நாட்டில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமே ஏற வேண்டுமே! அதனால் இங்கே நான்கு கதவு வைத்து ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்துக்காரருக்குக் கிடைக்காத கார் அது.

1985-ல் இதே கம்பெனி "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோவர் காரைப் பார்த்துச் செய்த கார். பெயர் பெரிதாக இருந்தது. விற்பனை அப்படி இல்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. வெளிநாட்டுப் பெயரும் வெளிநாட்டு உருவமும் மட்டும் ஒரு காரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

பிறந்த வீட்டுக்கு வராத கார்

அடுத்து வந்தது போர்டு. 1990-களில் மறைமலைநகரில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி காலூன்றியது. ஐகான், பியஸ்டா, பிகோ, எக்கோஸ்போர்ட் ஆகிய கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. "எண்டெவர்" என்ற பெரிய காரும் 2003 முதல் அங்கிருந்து வந்தது.

2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் உருண்டு வெளியே வந்தது. அதை நம்பிப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்களின் கவலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்டெவருக்கு வெளிநாட்டில் "எவரெஸ்ட்" என்று பெயர். 2022-ல் அதன் புதிய வார்ப்பு வெளிவந்தது. இப்போது அது தாய்லாந்தில் தயாராகிறது. நம் நாட்டைப் போலவே தாய்லாந்திலும் வலது பக்கம்தான் ஸ்டியரிங். இருந்தும் அது இங்கே விற்பனைக்கு வரவில்லை. மறைமலைநகரில் வளர்ந்த கார், மறைமலைநகர்ச் சாலையில் ஓட வழியில்லை!

வராததற்கு என்ன காரணம்?

முதல் காரணம் வரி. முழுதாகக் கப்பலில் வந்து இறங்கும் புதிய காருக்கு 70 சதவீதம் முதல் 110 சதவீதம் வரை சுங்க வரி விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். துறைமுகத்தில் வந்து இறங்கும் காரின் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீத சுங்க வரி சேர்ந்தால் 17 லட்சம். பெரிய காருக்கு ஜி.எஸ்.டி. வரி 40 சதவீதம். அதையும் சேர்த்தால் 23 லட்சத்து 80 ஆயிரம். மாநிலத்தின் சாலை வரி தனி. இன்சூரன்ஸ் தனி. வியாபாரியின் லாபமும் தனி. பத்து ரூபாய்ப் பொருள் வீடு வந்து சேரும்போது முப்பது ரூபாயை நெருங்கிவிடுகிறது.

அரசாங்கம் வேண்டுமென்றே வாட்டுகிறதா? அப்படிச் சொல்ல முடியாது. "இங்கே விற்க வேண்டுமா? இங்கேயே தொழிற்சாலை போடு, இங்கே உள்ளவனுக்கு வேலை கொடு" என்பது அந்த வரியின் அர்த்தம். செங்கல்பட்டு மகேந்திரா சிட்டியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2007-ல் ஆலை திறந்து, பாகங்களை வரவழைத்து, இங்கேயே பூட்டி விற்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் சோதனை. ஒரு புதிய கார் நம் நாட்டில் விற்பனைக்கு வருமுன் நம் நாட்டுச் சோதனைகளில் தேற வேண்டும். இதற்கு நிறையச் செலவாகும். 2018-ல் அரசாங்கம் ஒரு சலுகை கொடுத்தது. வெளிநாட்டுச் சோதனையில் தேறிய வலது பக்க ஸ்டியரிங் கார்களை, ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2,500 வரை, இங்கே மறுபடி சோதிக்காமலே கொண்டுவரலாம். 2025-ல் ஜெர்மனியின் கோல்ப் ஜி.டி.ஐ. கார் இப்படித்தான் வந்தது. விலை ஏறக்குறைய 53 லட்சம் ரூபாய். முதலில் வந்த 150 கார்களும் சீக்கிரமே விற்றுப்போயின.

மூன்றாவது காரணம் எண்ணிக்கை. ஆசைப்படுகிறவர் ஆயிரம் பேர். பணத்தை எடுத்து வைக்கிறவர் பத்துப் பேர்! சுசுகி கம்பெனியின் ஜிம்னி காரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கதவு ஜிம்னி 2021 முதல் ஹரியானாவின் குருகிராமில் தயாராகி, வெளிநாட்டுக்கு மட்டும் கப்பல் ஏறியது. "எங்களுக்குக் கிடையாதா?" என்று மோட்டார் பிரியர்கள் ஏங்கினார்கள். 2023-ல் ஐந்து கதவு ஜிம்னி இங்கேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் கம்பெனி எதிர்பார்த்த அளவு இங்கே விற்கவில்லை. அதே காரை 2025-ல் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே நாலே நாளில் ஐம்பதாயிரம் பேர் முன்பதிவு செய்தார்கள். கம்பெனியே முன்பதிவை நிறுத்தும்படி ஆயிற்று!

ஆகவே, ஒரு கார் வரவில்லை என்றால் யாரோ சதி செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கணக்குத்தான் தடுக்கிறது. எவரெஸ்டோ யாரிஸோ வராததால் எந்தக் குடும்பமும் கெட்டுப்போகப் போவதில்லை.

உண்மையான குறை எது?

குறை வேறு இடத்தில் இருந்தது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்திருந்த பகுதி அது. அங்கே தயாரான ஐ-10 கார் ஐரோப்பாவுக்குப் போனது. 2008-ல் ஐரோப்பாவில் அதை மோதிச் சோதித்தார்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதிச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத, விலை குறைந்த ரகங்கள் அவை. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ-10, மறைமலைநகரின் போர்டு பிகோ, வோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரம் எத்தனை தெரியுமா?

பூஜ்யம்!

இரு சோதனைகளின் முறையில் வித்தியாசம் உண்டு. ஆனால் ஐரோப்பாவுக்குப் போனது காற்றுப்பை வைத்த கார். இங்கே மோதப்பட்டது காற்றுப்பை இல்லாத கார் என்பதை மறந்துவிடக் கூடாது. பிகோவின் கூடு மோதலில் உறுதியாகவே நின்றது. உள்ளே இருப்பவரைத் தாங்கக் காற்றுப்பைதான் இல்லை. போலோ காரில் இரண்டு காற்றுப்பைகள் வைத்து மறுபடி மோதினார்கள். பூஜ்யம் நான்கு நட்சத்திரமாக உயர்ந்தது! கெட்டியான பாலைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு நீர்மோர் ஊற்றிய கதை இது.

கம்பெனிகள் சொன்ன பதில் என்ன? "எங்கள் கார் இந்தியச் சட்டப்படிதான் இருக்கிறது." அது பொய் அல்ல. ஐரோப்பியச் சட்டம் கேட்டது, கொடுத்தார்கள். அமெரிக்கச் சட்டம் கேட்டது. மறைமலைநகரிலிருந்து 2018 முதல் அமெரிக்காவுக்குப் போன எக்கோஸ்போர்ட் காரில் அதையும் கொடுத்தார்கள். நம் சட்டம் அன்றைக்குக் கேட்கவில்லை, கொடுக்கவில்லை.

கேட்டால் கிடைக்கும்

கேட்ட பிறகு நிலைமை மாறியது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் ஆனது. 2021 முடிவதற்குள் பக்கத்து ஆசனத்துக்கும் கட்டாயம் ஆனது. 2023 அக்டோபர் முதல் "பாரத் என்கேப்" என்ற நம் நாட்டு நட்சத்திரச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் ஹூண்டாய் கம்பெனி, இந்தியாவில் விற்கும் தன் எல்லாக் கார்களிலும் ஆறு காற்றுப்பை இருக்கும் என்று அறிவித்தது. நல்ல காரியம். பாராட்ட வேண்டும்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. பாரத் என்கேப் சோதனை கட்டாயம் அல்ல. விருப்பம் இருந்தால் கம்பெனி காரை அனுப்பலாம். எல்லாக் காருக்கும் ஆறு காற்றுப்பை என்ற திட்டமும் 2023-ல் கைவிடப்பட்டது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிர் இழந்தார்கள். இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும் இவர்களில் ஏராளம். காரில் போனவர்களும் குறைவல்ல. ஜி.எஸ்.டி. சாலையில் வசிப்பவர்களுக்கு விபத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேடந்தாங்கல் மக்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பறவைகளை நேசித்தார்கள். ஆனால் நேசித்ததோடு நிற்கவில்லை. 1798-ல் கலெக்டர் லயனல் பிளேசிடம் சென்று, ஏரியையும் பறவையையும் காக்கும் உரிமையை எழுத்து மூலம் வாங்கினார்கள். வெறும் ஆசையை அவர்கள் சட்டமாக மாற்றிக்கொண்டார்கள்.

மறைமலைநகரின் போர்டு ஆலைக்கு மறுபடி உயிர் வரப்போகிறது. ரூ.3,250 கோடி முதலீட்டில் அங்கே புதிய இன்ஜின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்று சொல்லப்படுகிறது. அந்த இன்ஜின்களும் கப்பல் ஏறத்தான் போகின்றன. ஏறட்டும். செங்கல்பட்டுத் தொழிலாளியின் கைவண்ணம் உலகமெங்கும் ஓடட்டும். ஆனால் அந்தத் தொழிலாளி கடன் வாங்கித் தன் பெண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காரும், அயல்நாட்டுக்காரரின் காரைப் போலவே உயிரைக் காக்க வேண்டும்.

நட்சத்திரச் சோதனையை எல்லாக் காருக்கும் கட்டாயம் ஆக்க வேண்டும். எத்தனை நட்சத்திரம் என்பதை விலைச்சீட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் எண்ணிப் பார்க்கக்கூடியது நட்சத்திரம்!

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தானே கேட்கட்டும். கார்க் கடையில் "என்ன நிறம் இருக்கிறது? எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். "இந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம்? வெளிநாட்டுக்குப் போகும் இதே காரில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறதா?"

பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போகலாம்.